மதுரை நாவலுக்குச் சங்கப் பாடல்: யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: மதுரையைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் மதுரைக்காஞ்சி அல்லது சிலப்பதிகார வரிகள் வருகின்றன. புத்தகம் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவர், அந்த வரிகளுக்கு அனுமதி, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்), பதிப்புரிமைப் பதிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரின் வரிகளுக்கும் சிலப்பதிகாரம் எழுதிய இளங்கோவடிகளின் வரிகளுக்கும் இன்று யாரும் அனுமதி கொடுக்க முடியாது, காசும் வாங்க முடியாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் எழுத்து பொதுச்சொத்து. மதுரைக்காஞ்சி அடங்கிய பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் எழுத்துக்கும் 2002 முடிவோடு உரிமைக் காலம் தீர்ந்துவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. 'யாறு கிடந்தன்ன அகல்நெடுந் தெருவில்' என்ற வரியைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதன் கீழே, போன வருடம் கடையில் வாங்கிய புத்தகத்திலிருந்து பொழிப்புரையை எடுத்து ஒட்டினால் அது வேறு கதை. பாட்டு பழசு, உரை புதுசு. அந்த உரை அதை எழுதியவருடைய சொத்து. அவர் உயிரோடு இருந்தாலோ, இறந்து 60 ஆண்டு ஆகாவிட்டாலோ, எழுத்தில் அனுமதி வேண்டும். உரையாசிரியரின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கி, எல்லோருக்கும் பொதுவாக்கியிருந்தால் கவலையில்லை. இணையத்தில் உரையாசிரியர் பெயரே இல்லாமல் கிடக்கும் உரையையும் தொடாதீர்கள், பெயர் இல்லை என்பதால் அது அநாதை ஆகிவிடாது. ஆறு கிடப்பது போன்ற அந்தத் தெருவை உங்கள் சொற்களிலேயே எழுதிவிடுங்கள். நாவலாசிரியருக்கு அது கஷ்டமான வேலையா என்ன?

அப்புறம் ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் அது இலவசம். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்கிறவர் மற்றதில் எப்படி இருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமே இல்லை, எழுதியதுமே உரிமை உங்களுடையது. பதிய ஆசைப்பட்டால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பரிசீலனையே. தமிழில் நாவல் எழுதுகிறவர் ஆங்கிலப் படிவத்தோடு மல்லாட வேண்டியிருப்பது எனக்கு ஆறாத கோபம். இந்தத் தரகர்களின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

25,000ஐ விட நான் பயப்படுவது அவர் நீட்டப்போகும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான். 'அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். திரைப்படம், வெப்சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லாம் அந்த ஒரே வரியில் போய்விடும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்துக்குச் சட்டம் 5 ஆண்டுதான் கொடுக்கிறது. அதனால்தான் 'நிரந்தரமாக' என்ற சொல்லை மறக்காமல் சேர்க்கிறார்கள். அச்சுப் புத்தகம், தமிழ், 3 ஆண்டு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.