இரவல் சைக்கிளுக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: வேலைக்குப் போய்வர நண்பரின் பழைய சைக்கிளை இரவல் வாங்கியிருக்கிறேன். டயர் தேய்ந்துவிட்டது. 26 அங்குலம் என்று கேட்டு வாங்கிய புது டயர் ரிம்மில் உட்காரவே இல்லை. கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: தவறு உங்கள் மேல் இல்லை. டயர் அளவுக்குப் பெயர் வைத்த விதம்தான் உங்களை ஏமாற்றியது. இது எனக்குப் பல வருட ஆதங்கம். ‘26 அங்குலம்’ என்ற ஒரே பெயரில் ஒன்றோடொன்று சேராத பல அளவுகள் விற்கிறார்கள். 26 x 1.75 என்றால் டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 என்றால் 590. இரண்டும் 26தான், ஆனால் நடுவே 31 மில்லிமீட்டர்!

28 அங்குலத்திலும் இதே கதை. ஒன்று 622, கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பழைய கம்பி பிரேக் வண்டிகளில் வருவது 635. நான் 622 ரிம்முக்கு 635 டயரை வாங்கி மாட்டினேன். காற்றடித்ததும் விளிம்பு மேலே எழும்பி, டியூப் வெடித்தது. ஓடும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 மாதிரி ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். முதல் எண் அகலம், அடுத்தது விட்டம். அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அங்குலத்தை மட்டும் கேட்டு டயரை எடுத்துத் தரும் கடையில் வாங்காதீர்கள். உங்களுக்கு விற்றவரும் அந்த எண்ணைக் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லி மாற்றித் தரும்படி இன்னொரு முறை கேளுங்கள்.

கேள்வி: இரவல் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. முதலில் நல்ல சீட் வாங்கவா, விளக்கு வாங்கவா?

பதில்: பிரேக் கட்டை. அதை மாற்றும்வரை வண்டியில் ஏறாதீர்கள்.

கேள்வி: மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டுகிறது. செயினோடு பல்சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: அளந்து பார்த்துவிடுங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள், ஊசியிலிருந்து ஊசிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்கும். உங்களுடையது 12 1/8 அங்குலத்தைத் தொட்டால் பல்லும் தேய்ந்திருக்கும், அவர் சொல்வது நியாயம். 12 1/16 என்றால் பெரும்பாலும் செயின் மட்டும் போதும். கியர் இல்லாத வண்டியில் செயின் தொய்ந்து கழன்று விழுவது வேறு விஷயம். பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து முடுக்கினால் சரியாகிவிடும்.

கேள்வி: சீட்டை உயர்த்த நீளமான கம்பி வாங்கினேன். குழாயில் ஆடுகிறது. டேப் சுற்றி இறுக்கலாமா?

பதில்: கூடாது. சீட் கம்பி 25.4, 27.2 மில்லிமீட்டர் என்று பல விட்டங்களில் வருகிறது. பழைய கம்பி கையிலேயே இருக்கும்போது அதை அளக்காமல் எப்படி வாங்கினீர்கள்? அதுவும் இன்னொருவர் வண்டிக்கு! பிரேமுக்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆழத்துக்கும் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

கேள்வி: பெடல் மாற்றக் கொடுத்தேன். இடதுபக்க மரையை நாசமாக்கிவிட்டு, பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்கிறார்கள். வண்டி என்னுடையது இல்லை.

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும், இடப்புறமாகத் திருப்பித்தான் முடுக்க வேண்டும். வலது பெடலை அங்கே வைத்து அழுத்தித் திருகினால் மரை அறுந்துபோகும். கொடுக்கும்போது மரை நன்றாக இருந்தது என்றால் பழைய வண்டி என்ற சமாதானம் செல்லாது. பெடல் மாட்டும் கையான கிராங்கை அவர்கள் செலவில் மாற்றித் தரச் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், வண்டிக்காரரிடம் இன்றே நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரியவரக் கூடாது.