மீட்டர் என்ன சொல்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கான தகவல் அறிக்கைகள் தயாரிக்கும்) பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. முடித்துச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏப்ரல்–ஜூன் விற்பனை போன வருடத்தைவிட 18 சதவீதம் குறைந்தது ஏன் என்று ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார்கள். 38 பக்கம் எழுதினேன், 22 சார்ட். எம்.டி. புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குது, ஒண்ணுமே இல்லீங்களே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அனலிட்டிக்கல் ரிப்போர்ட் எப்படி எழுத வேண்டும்? சுருக்கம் முதலிலா, கடைசியிலா? எத்தனை சார்ட் போடலாம்? என் ஆங்கிலம் சுமார்தான். ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்கலாமா? முடிவுரைப் பக்கத்தை மட்டும் இணைத்திருக்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

சுருக்கம் முதலில். சார்ட், வேண்டிய அளவு. உங்கள் எம்.டி. இலக்கணப் பிழைக்காக ரிப்போர்ட்டைத் திருப்பவில்லை, அதனால் ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள். ஏ.ஐ. பற்றி அப்புறம்.

முடிவுரைக்கு வருகிறேன். 'சந்தையில் நிலவும் மந்தநிலையே விற்பனைச் சரிவுக்கு முதன்மைக் காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா? விற்பனை குறைந்ததால் விற்பனை குறைந்தது என்று சொல்ல 38 பக்கமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 22 சார்ட்டையும் ராத்திரி கண்விழித்துப் போட்டிருப்பீர்கள், தெரிகிறது. ஆனால் எல்லாமே உங்கள் கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த எண்கள்தானே? ஒரே ஆளிடம் 22 தடவை கேட்டால் 22 சாட்சி ஆகிவிடாது.

திருப்பூரில் நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு நிட்டிங் யூனிட்டின் ஃபைல் வந்தது. சி.சி. லிமிட்டை, அதாவது அன்றாடத் தொழிலுக்கு எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடனின் உச்சவரம்பை, கூட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சிறுதொழிலுக்கு, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டியின் முறைப்படி, எதிர்பார்க்கும் வருட விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் கிடைக்கும். 5 கோடி விற்பனை காட்டினால் 1 கோடி. ஆகவே விற்பனையைப் பெரிதாகக் காட்டினால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு அதிகாரி கடன் தரலாமா என்று ஆராயும் அப்ரைசல் நோட் தயாரித்திருந்தார். நோட் கச்சிதம். கரண்ட் ரேஷியோ, அதாவது நடப்புச் சொத்துக்கும் நடப்புக் கடனுக்கும் உள்ள விகிதம், வங்கி எதிர்பார்க்கும் 1.33-க்கு மேல் (அது எல்லா ஃபைலிலும் 1.33-ஐ மயிரிழையில் தாண்டியே நிற்கும், அது தனிக்கதை). விற்பனை 40 சதவீதம் ஏற்றம்.

எங்கள் மேனேஜர் நோட்டைப் படிக்கவே இல்லை. "கரண்ட் பில் எங்கப்பா?" என்றார். பன்னிரண்டு மாத பில்லை வாங்கி வந்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். துணி 40 சதவீதம் கூடியிருக்கிறது, மின்சார யூனிட்டோ போன வருடத்தைவிடக் குறைவாக ஓடியிருக்கிறது. "ரெண்டுல ஒண்ணு பொய். மீட்டருக்குப் பொய் சொல்ற அவசியம் என்ன?" (மீட்டரையே திருத்தும் ஆட்கள் உண்டு. ஆனால் லிமிட் கேட்பதற்காக யாரும் திருத்துவதில்லை.)

இந்த இடத்தில்தான் அந்த மனுஷன் மேல் எனக்கு மதிப்பு வந்தது. உடனே 'கடன் கிடையாது' என்று எழுதவில்லை. வெளி ஆட்களிடம் கூலிக்கு ஜாப் வொர்க் கொடுத்து ஓட்டியிருக்கலாமே என்று அவரே ஒரு நியாயமான விளக்கத்தை யோசித்தார். அப்படியானால் லாப நஷ்டக் கணக்கில் ஜாப் வொர்க் கூலி ஏறியிருக்க வேண்டும். பார்த்தார், ஏறவில்லை. அப்புறம்தான் ஜீப்பை எடுக்கச் சொன்னார். அங்கே பாதி மெஷின்கள் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கிடந்தன. விற்பனை பில்களில் பெரும்பகுதி அதே குடும்பத்தின் இன்னொரு கம்பெனி பேரில் இருந்தது. இங்கிருந்து அங்கே பில், அங்கிருந்து இங்கே பில், நடுவில் சரக்கே நகரவில்லை.

சின்ன ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தின் தலைவராக இருந்த ராமலிங்க ராஜு, மோசடியை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். 2008 செப்டம்பர் காலாண்டில் செயல்பாட்டு லாபம் 649 கோடி, அதாவது 24 சதவீதம் என்று அறிவித்திருந்தார்கள். உண்மையில் 61 கோடி, வெறும் 3 சதவீதம். கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் கம்பெனியைப் பற்றி எத்தனை அனலிஸ்ட் ரிப்போர்ட்கள், எத்தனை அழகான சார்ட்டுகள்! ஆடிட்டர்கள் வங்கி இருப்பை உறுதி செய்யும் கடிதங்களைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று 2011-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சொன்னது. யாரைச் சோதிக்கப் போனார்களோ, அவரிடமே சாட்சியை வாங்கியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் பம்ப்செட். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது டீலருக்குப் போன சரக்கு. விவசாயி வாங்கியது வேறு கணக்கு. மார்ச் கடைசியில் டார்கெட்டுக்காக டீலர் தலையில் சரக்கைக் கட்டுவது உங்கள் தொழிலில் நடக்காததா? இந்த மார்ச்சில் வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டியிருந்தால், ஏப்ரலில் அவர் ஏன் ஆர்டர் போடப் போகிறார்? அப்படியென்றால் சந்தை மந்தமே இல்லை, உங்கள் சேல்ஸ் டீமின் மார்ச் மாத வீரம்தான் காரணம். டீலர் குடோனில் எத்தனை பெட்டி கிடக்கிறது என்று கேட்டீர்களா? திரும்பி வந்த வாரண்டி கார்டுகளில் விற்ற தேதியைப் பார்த்தீர்களா?

இன்னொன்று. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குப் போங்கள். பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ நாலு கடை ஏறி இறங்கினால் போதும். கடை வாசலில் மோட்டார்கள் குவிந்து கிடந்தால், விவசாயி புதுசு வாங்காமல் பழசைச் சரிசெய்து ஓட்டுகிறார் என்று அர்த்தம். விலையா, கையில் காசில்லையா என்று அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கேட்கலாம். கடை காலியாக இருந்தால் அது வேறு கதை. மழை நன்றாகப் பெய்து கிணற்றில் மேலேயே தண்ணீர் நின்றால், மோட்டாரும் அதிகம் ஓடாது, காயிலும் புகையாது, புது போர்வெல் போடவும் ஆள் வராது. அப்போது உங்கள் 'மந்தநிலை'க்குக் கொஞ்சமாவது உயிர் வரும். மழையளவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். டீலர் ஸ்டாக், காயில் கடை, மழை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதுங்கள், எம்.டி. அதைத்தான் முதலில் படிப்பார்.

ஏ.ஐ. கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள். காயில் கடைக்கு அதை அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

38 பக்கத்தையும் எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டுவிடாதீர்கள். டீலர்களிடம் மார்ச் 31 அன்று இருந்த ஸ்டாக்கும் ஜூன் 30 அன்று இருந்த ஸ்டாக்கும் கிடைத்தால் அதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.