பதில்: பிராய்லரின் இதயமும் இரைப்பையும் சிறிதாக இருப்பது நோயா?

நண்பரே, 2 கிலோ பிராய்லரின் இதயமும் இரைப்பையும் 1.25 கிலோ நாட்டுக்கோழிக்கு இருந்த அளவுகூட இல்லை, நோயாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

எடை இரட்டிப்பானால் உள்ளுறுப்புகளும் இரட்டிப்பாகும் என்பதில்லை. பொரித்த முதல் வாரத்தில் ஈரலும் குடலும் உடம்பைவிட வேகமாக வளரும். அப்புறம் சதை முந்திக்கொள்ளும். உறுப்பின் கிராம் கூடினாலும் உடல் எடையில் அதன் பங்கு குறையும். மார்புச் சதைக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த பிராய்லரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

இரைப்பைக்கு எடையைவிடத் தீனிதான் முக்கியம். பொடித்த தீவனத்தில் அரைக்க என்ன இருக்கிறது? வேலையில்லாத தசை சிறுத்துவிடும். நாட்டுக்கோழி நெல், கம்பு, பூச்சி, சிறுகல் எல்லாம் பொறுக்குவதால் இரைப்பைச் சுவர் தடித்து, கத்தி வைத்தால் கெட்டியாக இருக்கும். பிராய்லருக்கே முழுத் தானியம் கொஞ்சம் கலந்து கொடுத்துப் பாருங்கள், இரைப்பை பெருக்கும்.

அடுத்த முறை உறுப்பின் எடையை உயிர் எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 2 கிலோ பிராய்லரில் 40 கிராம் ஈரல் என்றால் 2 சதவீதம், அது இயல்புதான். முட்டையிடும் பெட்டையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். மஞ்சள் கருவுக்கான கொழுப்பைத் தயாரிப்பதால் அதன் ஈரல் பெருத்திருக்கும்.

இதயம் பெருத்துத் தொளதொளவென்று இருந்து, வயிற்றில் மஞ்சள் நீரும் தேங்கியிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாக வளரும் பிராய்லர்களுக்கு வரும் நீர்க்கோவை அப்படித்தான் இருக்கும்.