ஐசி இல்லாத பையனும் ஐநா ஒப்பந்தமும்

மதிப்பிற்குரிய அக்கா,

குழந்தைகள் உரிமை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் செந்தூல் ஃபிளாட்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். இங்கேதான் பிறந்தான். அப்பா மலேசியர், அம்மாவிடம் ஐசி (அடையாள அட்டை) இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை. பையனின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று போட்டிருக்கிறது. ஐநா ஒப்பந்தங்களால் இவனுக்கு என்ன கிடைத்தது? எல்லாம் வெறும் காகிதம்தானே?

ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது. சேரும்போதே சில பிரிவுகளை ஏற்க மாட்டோம் என்று ஒதுக்கியும் வைத்தது. பிறக்கும் குழந்தைக்குப் பெயரும் குடியுரிமையும் வேண்டும் என்கிற 7ஆம் பிரிவு அவற்றில் ஒன்று. நாடற்றோர் பற்றிய 1954, 1961 ஒப்பந்தங்களில் நாம் சேரவே இல்லை. நாடாளுமன்றம் சட்டமாக்காத ஒப்பந்தம் நம் நீதிமன்றத்தில் தானாகச் செல்லவும் செல்லாது.

ஆனாலும் காகிதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கே பிறந்து வேறெந்த நாட்டுக்கும் உரியதாகாத குழந்தை குடிமகன் என்று நம் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. கைவிடப்பட்ட பச்சைக் குழந்தைக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. 1961 ஒப்பந்தம் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். அப்படிக் கைவிடப்பட்ட ஒரு பிள்ளை மலேசியக் குடிமகனே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அரசாங்கம் இந்த இரண்டு பாதுகாப்புகளிலும் கைவைக்கப் பார்த்தது. வழக்கறிஞர்களும் தாய்மார்களும் தொண்டூழியர்களும் விடாமல் எதிர்த்தார்கள். வீடு வீடாகச் சேர்த்த கதைகளை நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கொண்டுபோனார்கள், ஜெனீவாவில் உள்ள ஐநா மனித உரிமை மன்றத்துக்கும் அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் அந்த மன்றத்தில் மலேசியா பதில் சொல்ல வேண்டிய முறை வந்தது. மார்ச்சில் அந்த இரண்டு திருத்தங்களும் கைவிடப்பட்டன. ஜெனீவாதான் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. உலகத்தின் முன் கேள்வி எழும் என்று தெரிந்தால் எந்த அரசாங்கமும் சற்று யோசிக்கும்.

முழு வெற்றியும் இல்லை. அதே 2024 அரசியலமைப்புத் திருத்தம், சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் இயல்பான குடியுரிமையை எடுத்துவிடுகிறது. நம்மவர்களில் எத்தனை குடும்பங்களில் சிவப்பு ஐசி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நம் சங்கங்கள் போதிய அளவு குரல் கொடுக்கவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவது கட்டாயம். பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். குடிமகன் என்று காட்டும் அப்பாவின் நீல ஐசி உதவாது. பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் எந்தக் கோயிலும் தாலி கட்ட இடம் கொடுக்கக்கூடாது என்பேன்.

இனி அந்தப் பையன். குடியுரிமைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கலாம். இதுவரை 21 ஆக இருந்த வயது வரம்பை 2024 திருத்தம் 18ஆகக் குறைக்கிறது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். அவன் அம்மா எங்கே பிறந்தார் என்று விசாரியுங்கள். தோட்டமாக இருந்தால் பள்ளிப் பதிவேடு, மருத்துவமனை அட்டை, பிரசவம் பார்த்தவரின் வாக்குமூலம் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அம்மாவின் நிலை தெளிவானால் பையனின் வழக்கும் பாதி தெளிவாகும். எல்லாவற்றையும் நகலெடுத்து முதலில் சட்ட உதவி மையத்துக்குக் கொண்டுபோங்கள், பிறகு ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) கவுண்டருக்குப் போகலாம்.

அன்புடன்,
அக்கா