இணையவழி வகுப்புக்கு ஆசிரியர்களைத் தயார் செய்வது: கேள்வி பதில்

கேள்வி (தலைமையாசிரியர்): எங்கள் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைக்கிறோம் சார். என்னென்ன செயலிகள் சொல்லித் தரலாம்?

பதில்: ஒன்றே போதும் ஐயா. காலையிலிருந்து பத்துச் செயலிகளைத் திரையில் காட்டினால் அடுத்த வாரம் எதுவும் நினைவில் இருக்காது. ஒவ்வொருவரும் தான் அடுத்து நடத்தவேண்டிய பாடத்தோடு வரட்டும். நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் பத்து நிமிடம் நடத்த, மற்ற மூவரும் வேறு அறைகளில் கைப்பேசியோடு மாணவர்களாக உட்காரட்டும். மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்த எழுத்து கைப்பேசியில் படிக்கவே முடியாது என்பது அப்போதுதான் புரியும். குறைகளைக் கேட்டுக்கொண்டு அதே பத்து நிமிடத்தை மறுபடி நடத்தச் சொல்லுங்கள். நேரமில்லை என்று இந்த இரண்டாம் சுற்றை வெட்டிவிடாதீர்கள், திருத்திக்கொள்வது அதில்தான்.

கல்வி ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் 2006-இல் முன்வைத்த 'டீபேக்' (TPACK) சட்டகம் சொல்வதும் இதைத்தான்: பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் பின்னிக் கிடப்பவை. பின்னம் நடத்துகிறவருக்கு எழுதிக் காட்டப் பலகை வேண்டும். உச்சரிப்பு திருத்துகிறவருக்கு ஒலிப்பதிவு வேண்டும். இருவருக்கும் ஒரே பயிற்சி எப்படிப் பொருந்தும்?

கேள்வி: ஜூம், மீட், டீம்ஸ், எது நல்லது?

பதில்: உங்கள் பள்ளியில் எதில் கணக்கு இருக்கிறதோ அது. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், பாடத்தை அதற்குள் அடக்குங்கள்.

கேள்வி: பாட வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: ஆறு நிமிடத்துக்குள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வகுப்பு வீடியோக்களுக்கு வந்த லட்சக்கணக்கான பார்வைகளை அலசி 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு இன்னும் குறையுங்கள். வெளியிடுமுன் கைப்பேசியில் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: மாணவர்கள் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம்.

இன்னொரு ஆசிரியை: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். முகம் தெரியாமல் யாருக்குப் பாடம் நடத்துவது? பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டு விளையாடப் போய்விடுகிறார்கள்.

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது மேடம். ஆனால் ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டை ஒரு பிள்ளை வகுப்பு முழுவதற்கும் காட்ட வேண்டுமா? டேட்டா கணக்கையும் பாருங்கள். ஜூமில் இருவர் மட்டும் பேசும் தெளிவான வீடியோவுக்கே நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும். குரல் மட்டுமென்றால் 60 முதல் 80 போதும். கேமராவைக் கட்டாயமாக்கினால் முதலில் வகுப்பிலிருந்து விழுகிறவன் இணைப்பு மெலிந்த பிள்ளை.

அதே ஆசிரியை: சரி, அவன் கவனிக்கிறானா என்று எப்படித் தெரியும்?

பதில்: முகத்தைப் பார்த்தும் தெரியாது மேடம். தலையை ஆட்டிக்கொண்டே வேறெதையோ யோசிக்கிற பிள்ளைகள் வகுப்பறையிலும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேளுங்கள், எல்லோரும் அரட்டைப் பெட்டியில் விடை எழுதட்டும். நீங்கள் சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதல் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள். கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். தட்டச்சு செய்து அனுப்ப இணையத்தில் அதைவிட அதிக நேரம் கொடுங்கள்.

வேறொருவர்: வருகைப்பதிவின்போது மட்டும் கேமரா போடச் சொல்லலாமே?

பதில்: கேட்கலாம். போடாதவனைத் திட்டக்கூடாது.

கேள்வி: எதிரொலி வருகிறது.

பதில்: ஒரே அறையில் இரண்டு கருவிகள் இணைந்திருக்கும். ஒன்றின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணையுங்கள்.

கேள்வி: இலவசமாக நல்ல ஆப் ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வகுப்பைப் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்பலாமா?

பதில்: சட்டம் என் துறை இல்லை, நிர்வாகத்திடம் கேளுங்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் உள்ள பதிவைப் பொதுவெளியில் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். வகுப்பு லிங்க்கும் அப்படித்தான், நீங்கள் அனுமதித்தவரை மட்டும் உள்ளே விடும் காத்திருப்பு அறையை எப்போதும் இயக்கி வையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. பொத்தானைப் பார்த்தாலே பயம். இளையவர்கள் முன் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்களிடம் இருக்கும் பாட அனுபவம் அந்த இளையவர்களிடம் இல்லை ஐயா. ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரையைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பாடம் நடத்துங்கள். முதல் வாரம் மூன்று செயல்கள் மட்டும் பழகுங்கள்: மைக்கை அணைப்பது, திரையைப் பகிர்வது, பகிர்வதை நிறுத்துவது. அவர் நடத்தும்போது நீங்கள் மாணவராக உள்ளே போய் உட்காருங்கள். எங்கே புரியாமல் போகிறது என்று உங்களுக்குத்தான் சட்டென்று தெரியும், அதை அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சார், ஜூமா மீட்டா?

பதில்: இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.