முகப்பில் 15 சதவீதம், பின்புறம் வேறு கணக்கு

கேள்வி: ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு 30 மி.லி. முகச் சீரம் வாங்கினேன். முகப்பில் '15% வைட்டமின் சி, நிறம் மாறாதது' என்று போட்டிருக்கிறது. ஆறே வாரத்தில் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது; கன்னத்தில் தடிப்பும் வந்தது. பின்புறச் சேர்மானப் பட்டியலில் வைட்டமின் சி-யின் உப்பு வடிவமான 'சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்', பினாக்ஸிஎத்தனாலுக்கு அடுத்து இருக்கிறது. "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?
— வாசகி, சேலம்

பதில்: போடலாம். ஆனால் நிறம் மாறியதை முதன்மை வாதமாக வைக்காதீர்கள். வெயில் படும் இடத்தில் வைத்தீர்கள், மூடியைச் சரியாக மூடவில்லை என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தட்டிவிடும். அதைவிட வலுவான சாட்சி, நீங்களே எழுதியிருக்கும் அந்தப் பட்டியல் வரிசை.

2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் சேர்த்தவற்றை அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவை அவற்றின் பின்னால் எந்த வரிசையிலும் வரலாம். பினாக்ஸிஎத்தனால், பொருள் கெடாமலிருக்கச் சேர்ப்பது. அதற்கு அனுமதித்த உச்ச அளவே 1 சதவீதம். அப்படியானால் அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. 15 எங்கிருந்து வந்தது? முகப்பு பொய், இல்லையேல் பட்டியல் பொய். எதுவானாலும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940, பிரிவு 17சி-இன் கீழ் அது 'மிஸ்பிராண்டட்', அதாவது லேபிளில் பொய் சொல்லும் சரக்கு.

துணைக்கு இன்னொரு கணக்கு: அஸ்கார்பிக் அமிலத்தின் (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) மூலக்கூறு எடை 176, உங்கள் சீரத்தில் உள்ள பாஸ்பேட் உப்பினுடையது 322. நிஜமாகவே 15 சதவீதம் போட்டிருந்தாலும் வைட்டமின் சி-யாகத் தேறுவது சுமார் 8 சதவீதம்தான். இதைக் கடைசியில் சொன்னால் போதும்.

அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பலரும் கோட்டை விடுவது அங்கேதான். பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், பட்டியல் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அது மாறிவிடும். அதே பேட்ச்சில் இன்னொரு பாட்டில் கிடைத்தால் பில்லுடன் வாங்கி, சீல் பிரிக்காமல் வையுங்கள். அதே 1940 சட்டத்தின் பிரிவு 26-இன்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம்.

விண்ணப்பத்தில் 'வைட்டமின் சி எவ்வளவு' என்று மட்டும் எழுதினால் காரியம் கெட்டது. வைட்டமின் சி-யை அயோடினோடு வினைபுரியவைத்து அளக்கும் அயோடின் டைட்ரேஷனில் இந்த உப்பு பிடிபடாது. அயோடினோடு வினைபுரியும் இடத்தைப் பாஸ்பேட் அடைத்துக்கொண்டிருக்கிறது. நிலையாக இருப்பதற்கும் அதுதான் காரணம். பூஜ்யம் என்று அறிக்கை வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும், குறுக்கு விசாரணையில் கிழிந்துவிடும். 'சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் அளவு, ஹெச்பிஎல்சி முறையில்' (கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) என்றே கேளுங்கள்.

"திறந்த பாட்டில்" என்ற சாக்கு செல்லாது. விளம்பரம் செய்த தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்: 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

நகரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டுகள்.

தடிப்பு தனிக் கதை. அதற்கு இழப்பீடு கேட்க, சீரத்தால்தான் வந்தது என்று தோல் மருத்துவரின் தேதியிட்ட குறிப்பு வேண்டும், பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் சிறு இடத்தில் வைத்து ஒவ்வாமை பார்க்கும் சோதனை) முடிவும் இருந்தால் நல்லது. அது கையில் இல்லாமல் லட்சக்கணக்கில் கேட்டால், உறுதியான லேபிள் வாதமும் சேர்ந்து பலவீனப்படும்.