“எதுக்குடா வந்தே?” – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

பேர் வேணாம், கொளத்தூர்லேர்ந்து எழுதறேன். ஸ்கூல்லேர்ந்தே கூட இருக்கற ஃப்ரெண்டுக்கு மூளையில கட்டி, ஆபரேஷன் பண்ணி டெஸ்டுக்கு அனுப்புனதுல க்ளையோபிளாஸ்டோமா, வேகமா வளர்ற மூளை கேன்சர்னு வந்துருச்சு. இப்ப அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல ரேடியேஷன் ஓடுது. பேச்சு தடுமாறுது, கோவம் வேற. போன தடவை போனப்ப எதுக்குடா வந்தேன்னு கத்திட்டான். அவன் வைஃப் எனக்கு தங்கச்சி மாதிரி, என்ன ஹெல்ப்னாலும் கேளும்மான்னு சொல்லிட்டு வந்தேன், இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல. கூகுள் பண்ணா 15 மாசம்னு போட்டிருக்கு. மறுபடி போகவே பயமா இருக்கு சார்.

---

வணக்கம்.

மொதல்ல அந்த 15 மாசத்த பேசிடலாம், உங்கள தூங்க விடாதது அதுதான்னு நினைக்கறேன். 2005ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, ரேடியேஷனோட டெமோசோலோமைட்ங்கற கீமோ மாத்திரையும் சேத்து எடுத்தவங்களுக்கு வந்த கணக்கு அது, 14.6 மாசம். அது மீடியன், அதாவது பாதி பேர் அதுக்கு மேலயும் இருந்தாங்க, ரெண்டு வருஷம் தாண்டுனவங்க நூத்துக்கு சுமார் 26 பேர். பொல்லாத வியாதிதான், இல்லைன்னு சொல்ல வரல. ஆனா உங்க ஃப்ரெண்டு எந்தப் பாதின்னு கூகுளுக்கு எப்படி தெரியும்?

கோவம் உங்க மேல இல்ல. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் குடுப்பாங்க, அதுல தூக்கம் போகும், அகோரப் பசி எடுக்கும், மனுஷன் சிடுசிடுன்னு ஆயிடுவார், ஃபிட்ஸுக்கு குடுக்கற லெவிடிராசிடமும் சில பேருக்கு இதே வேலையப் பண்ணும், கட்டி இருந்த இடத்தாலயும் வரலாம். தங்கச்சிய டாக்டர்கிட்ட இத கண்டிப்பா சொல்லச் சொல்லுங்க, டோஸ் மாத்த வழி இருக்கும். தானா மாத்திரைய நிறுத்திடக் கூடாது, ஆபத்து.

எங்க அத்தானுக்கு இதே வியாதி. சாவின்னு சொல்ல வராது, கைய திருகிக் காட்டி “கதவுக்காரன், கதவுக்காரன்”னுவார், அக்கா சிரிக்க அவரும் சிரிச்சுடுவார். நாங்கெல்லாம் முந்திரிக்கொட்டை மாதிரி வார்த்தைய எடுத்துக் குடுப்போம், அதுக்குதான் கத்துவார். அவரோட ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் மட்டும் டிவிய ஆஃப் பண்ணிட்டு பேசாம உக்காந்திருப்பார், வார்த்தை வர வரைக்கும். ரேடியேஷன் முடிஞ்சு டெமோசோலோமைட் 28 நாளுக்கு 5 நாள் வெறும் வயித்துல போடறப்ப, அதே ஆள் அந்த அஞ்சு ராத்திரியும் போன் பண்ணி “வாந்தி மாத்திரை மொதல்ல போட்டியா”ன்னு கேட்டுட்டு வெச்சுடுவார், நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. அக்கா இன்னிக்கும் எங்கள விட அவரத்தான் சொல்லுவா.

அதனால கேளும்மான்னு சொல்லிட்டு வராதீங்க, கேக்கறதுக்கு அந்தப் பொண்ணுக்கு தெம்பு ஏது. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் ரேடியேஷன், சாதாரணமா 6 வாரம், உள்ள படுக்கவெச்சு முகத்துல அந்த வலை மாஸ்க்க மாட்டி டேபிளோட பூட்டி எடுக்கறது சில நிமிஷந்தான், போக வர, வெளிய காத்திருக்கறதுலதான் பாதி நாள் போயிடும். அதுல ரெண்டு நாள உங்களோடதா எடுத்துக்கங்க. பைக் வேணாம், வழியில ஃபிட்ஸ் வந்தா பின்னாடி உக்காந்திருக்கறவர் விழுந்துடுவார்.

அப்படி வந்தா இரும்பு, சாவிக்கொத்துன்னு கையில திணிக்காதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு மணிய பாருங்க, 5 நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா 108.

இன்னொரு வேலையும் இருக்கு, முள்சீத்தா இலை கஷாயம் குடிச்சா கட்டி கரைஞ்சிடும்னு வாட்ஸப்ப தூக்கிட்டு வர பெரியப்பாக்கள வாசல்லயே மடக்கறது. வீட்டு மனுஷங்களால முடியாது, மரியாதை தடுக்கும். நீங்க வெளியாளு, தாராளமா சண்டை போடலாம்.

இன்னிக்கே தங்கச்சிக்கு ஒரு மெசேஜ் போடுங்க. “செவ்வாய், வியாழன் நான் கார் எடுத்துட்டு வரேன், எத்தனை மணிக்கு ரெடியா இருப்பீங்கன்னு மட்டும் சொல்லு.” வரட்டுமான்னு கேக்காதீங்க, வேணாம்ணான்னுதான் பதில் வரும். அவன் மறுபடியும் எதுக்குடா வந்தேன்னா, வண்டி ஓட்டடான்னு சொல்லுங்க.